சராசரிக்குக் கீழே பதினைந்து பேர்

சுந்தரவல்லி ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து மறுபடியும் வேலைக்குப் போனதற்குப் பணம் காரணமில்லை. வெள்ளைத்துரைதான் காரணம்.

வெள்ளைத்துரை அவளுடைய கணவர். அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை நடத்தியவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கடையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தன் பங்கை அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு மேற்கு மாம்பலம் ஃப்ளாட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. முதல் வாரம் சமையலறைப் பாத்திரங்களை அளவுவாரியாக அடுக்கினார். அடுத்த வாரம் பருப்பு டப்பாக்களில் இருப்பு எவ்வளவு என்று எழுதி ஒட்டினார். அதற்கடுத்த வாரம் சுந்தரவல்லி குக்கர் வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்தைக்கு இன்னைக்கு அரை டம்ளர் அரிசி கூடப் போட்டிருக்கியே, யாரும் வாராங்களா?"

"யாரும் வரல."

"பின்ன?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கடை ஆட்களிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவள் குக்கரை மூடி அடுப்பில் வைத்தாள். அன்று மத்தியானம் ஷகீலா ஃபோன் செய்தாள்.

ஷகீலா தராசுக் கழகத்தில் பணியாளர் பிரிவின் மேலாளர். கழகத்துக்கு நீளமான அரசுப் பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. தராசும் எடைக்கல்லும் செய்து ரேஷன் கடைகளுக்கும் கூட்டுறவுக் கடைகளுக்கும் கொடுப்பது, கெட்டுப்போனால் சரிபார்ப்பது, இவைதான் அதன் வேலை. பட்டறை மந்தைவெளியில் இருந்தது. தலைமை அலுவலகம் தி. நகரில், வெங்கட்நாராயணா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில். சுந்தரவல்லி அங்கே அனுப்புகைப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவள். ஷகீலா அவளுக்குக் கீழே இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள்.

"மேடம், கடைங்கள்ல இருக்கிற தராசு எல்லாத்தையும் கணக்கெடுக்கச் சொல்லியிருக்காங்க. பழைய கோப்பு எது எங்க இருக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. கொஞ்ச நாளைக்கு வர முடியுமா? தொகுப்பூதியம்தான். பதினெட்டாயிரம். கம்மிதான்."

"எப்ப வரணும்?"

"திங்கக்கிழமை வந்தீங்கன்னா..."

"நாளைக்கு வரேன்," என்றாள் சுந்தரவல்லி.

மறுநாளிலிருந்து காலையில் மாம்பலம் ஸ்டேஷன் படியேறி, ஆகாய நடைபாலம் வழியாகப் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்து அலுவலகம் போனாள். பழைய மேசை இல்லை. ஜன்னலோரமாக வேறொரு மேசை கொடுத்தார்கள். பதினொரு மணிக்கு டீ வந்தது. ஏதாவது கோப்பு கிடைக்கவில்லை என்றால் யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் கூப்பிடுகிற சத்தம் நான்கு வருடமாகக் காதில் விழாததை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். ஷகீலாவை முன்பு 'நீ' என்றுதான் சொல்வாள். இப்போது தானாகவே 'நீங்க' வந்தது.

வேலை அதிகம், ஆள் போதவில்லை என்றதும் தன்னோடு ஓய்வு பெற்றவர்களில் வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்களின் பெயர்களைச் சுந்தரவல்லியே சொன்னாள். பத்துப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அதே பதினெட்டாயிரம். ஒருவருடைய மனைவி வீடு தேடி வந்து சுந்தரவல்லிக்கு மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனார்.

இது நடந்தது ஜூலையில். டிசம்பரில்தான் சிக்கல் தெரிந்தது.

தராசுக் கழகத்தின் ஓய்வூதிய விதி மற்ற அலுவலகங்களில் இருப்பது போன்றதல்ல. கழகம் சின்னது, அகவிலைப்படி கணக்கெல்லாம் தனியாகப் போட ஆளில்லை என்று முன்னொரு காலத்து நிர்வாக இயக்குநர் ஒருவர் சுலபமாக ஒரு வழி செய்து வைத்திருந்தார். வருடா வருடம் ஜனவரி கடைசித் தேதியில் சம்பளப் பட்டியலில் இருக்கிற அத்தனை பேருடைய சம்பளத்தையும் கூட்டி, தலைக்கு வகுத்து, சராசரி எடுக்க வேண்டும். போன வருடச் சராசரியைவிட அது எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறதோ, ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியமும் ஏப்ரலிலிருந்து அத்தனை சதவீதம் ஏறும். சராசரி இறங்கினால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. எழுதியவருக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை.

டிசம்பரில் உத்தேசக் கணக்கு ஒன்றை ஓய்வூதியர் சங்கத்துக்கு அனுப்புவது வழக்கம். சங்கத்தின் தலைவர் பஞ்சாட்சரம், கழகத்தின் கணக்கு அதிகாரியாக இருந்தவர், எழுபத்தொரு வயது. கூட்டம் மந்தைவெளியில் அவருடைய அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். பக்கத்திலேயே பறக்கும் ரயில் பாதை. ரயில் வந்தால் பேசுகிறவர் நிறுத்திவிடுவார். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

"இந்த வருஷம் கூடுதல்," என்றார் பஞ்சாட்சரம். ரயில் வந்தது. நாற்பது பேரும் காத்திருந்தார்கள். ரயில் போனது. "இல்லை," என்றார்.

"இல்லன்னா?" என்று கேட்டார் மாசிலாமணி. பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். சங்கத்தில் மிகக் குறைவான ஓய்வூதியம் வாங்குகிறவர்களில் ஒருவர்.

"சைபர். சராசரி இறங்கிடுச்சு."

"யாருக்கு சம்பளத்த கொறச்சாங்கோ?"

"யாருக்கும் குறைக்கல. எல்லாருக்கும் அஞ்சு சதவீதம் ஏறியிருக்கு."

"எல்லாருக்கும் ஏறிச்சின்னா அப்பால எப்டி நைனா எறங்கும்?"

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஒரு பந்தி. ஐம்பது பேர் உக்காந்திருக்காங்க. ஆளுக்கு நாலு வடை. சராசரி எவ்வளவு?"

"நாலு."

"அப்புறம் பதினோரு பேர் வந்து உக்கார்றாங்க. அவங்களுக்கு ஆளுக்கு ஒரு வடை. இப்ப சராசரி நாலு இருக்குமா?"

"இருக்காது. ஆனா மொத ஐம்பது பேரு எலையிலேர்ந்து யாரும் எடுக்கலியே."

"எடுக்கல. ஆனா நாம அந்தப் பந்தியில இல்ல, மாசிலாமணி. நாம வெளிய நிக்கிறோம். உள்ள என்ன சராசரியோ அதப் பாத்துதான் நமக்குப் போடுவாங்க."

மாசிலாமணி சற்று நேரம் யோசித்தார். பிறகு மெதுவாகத் திரும்பிச் சுந்தரவல்லியைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். பதினோரு பேரில் எட்டுப் பேர் அன்று வந்திருந்தார்கள். அவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அங்கே நின்றிருந்த காரைப் பார்த்தார்கள்.

"மேடம், தப்பா எட்துக்காதீங்கோ," என்றார் மாசிலாமணி. "உங்களுக்கு பென்ஷன் கீது, அதுக்கு மேல இந்தப் பதினெட்டும் வருது. என்கு பதினோராயிரம், அவ்ளோதான். அது வருசத்துக்கு ஒரு தபா கொஞ்சமா ஏறும். அதையும் நீங்க போயி உள்ள குந்திகினு அமுக்கினா நான் யாராண்ட போயி கேக்கறது?"

"எனக்கும்தான் ஏறாது, மாசிலாமணி."

"அது உங்க இஷ்டம். என்ன ஏன் சேக்கிறீங்கோ?"

பதினோரு பேரும் வேலையை விட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மைசூர்பாகு வீட்டுக்காரர் அதற்கு ஒப்பவில்லை. கடைசியில், சராசரி இறங்காத அளவுக்கு இவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வது என்றும், சுந்தரவல்லி போய்ப் பேசுவது என்றும் தீர்மானம் ஆனது.

மறுநாள் அவள் ஷகீலாவின் அறைக்குப் போனாள்.

"எங்களுக்கு அறுபத்தி மூணாயிரம் வேணும்."

"எல்லாருக்கும் சேத்தா மேடம்?"

"ஆளுக்கு. அவ்வளவு இருந்தாதான் சராசரி இறங்காது."

ஷகீலா சிரிக்கவில்லை. "பழைய கோப்பு தேடறதுக்கு அறுபத்தி மூணாயிரம்னு நான் எப்படி மேடம் நோட் போடுவேன்?"

"போட முடியாதுன்னு தெரியும். சங்கம் கேக்கச் சொல்லுச்சு, கேட்டுட்டேன்."

ஷகீலா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். "இன்னொரு வழி இருக்கு. நீங்க சம்பளப் பட்டியல்ல இருக்கறதாலதான் சராசரியில வர்றீங்க. ஏஜென்சி மூலமா வந்தா அது சம்பளமே இல்ல, பராமரிப்புச் செலவு. ஏஜென்சி கமிஷன் போக பதினாறு சொச்சம் கைக்கு வரும். ஆனா நம்ம கழகத்துக்கு அனுமதியான ஏஜென்சி ஒண்ணுதான் இருக்கு."

"எது?"

"செக்யூரிட்டி ஏஜென்சி."

"நாங்க செக்யூரிட்டியா?"

"பேப்பர்லதான் மேடம். இதே மேசை, இதே வேலை."

சுந்தரவல்லி தன் இடத்துக்குத் திரும்பி வந்து, 'ஓய்வூதியர்களின் நலன் கருதி எங்களைச் சம்பளப் பட்டியலிலிருந்து விடுவித்து முகவர் நிறுவனம் வழியாகப் பணியமர்த்த வேண்டுகிறோம்' என்று ஒரு கடிதம் எழுதினாள். கடிதம் எழுதுவதில் அலுவலகத்தில் அவளுக்கு எப்போதும் நல்ல பெயர். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரி முதல் வாரம் அடையாள அட்டை வந்தது. படத்துக்குக் கீழே 'காவலர் – பகல்' என்று இருந்தது.

வெள்ளைத்துரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராத்திரிக்கும் போடுவாங்களோ?"

"பகல்னுதான போட்டிருக்கு."

"முன்னைக்கு இப்ப சம்பளம் கம்மிங்கிய. கேட்டா நல்லதுங்கிய. கடையில இதுக்குப் பேரு நஷ்டம்."

"மாசிலாமணிக்கு நஷ்டமில்ல."

"அது யாரு?"

அவள் சொன்னாள். வெள்ளைத்துரை முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த விதியை எழுதிய ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். காலமாகிவிட்டார் என்றாள்.

திருத்திய உத்தேசக் கணக்கில் ஐந்து சதவீதம் வந்திருந்தது. பஞ்சாட்சரம் ஃபோனில் அழைத்து நன்றி சொன்னார். இத்தோடு முடிந்தது என்றுதான் சுந்தரவல்லி நினைத்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று, மாடிப்படியில் பச்சையம்மா அவளை நிறுத்தினாள். பச்சையம்மா அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். சீனிவாசபுரத்துக்காரி, விடிகாலையில் அம்மாவுக்கு மீன் கூடை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு குளித்துவிட்டு வேலைக்கு வருவாள். கையில் துடைப்பம் இருந்தது.

"மேடம், நீங்க இன்னா எழுதிக் குட்த்தீங்கோ?"

"எதப் பத்தி?"

"என்னியும் செக்யூரிட்டி ஆக்கிட்டாங்களாம். எங்க மூணு பேரு, கேட்டுல நிக்கறவரு, நாலு பேரையும். ஏன்னு கேட்டா உங்க லெட்டர காட்றாங்கோ."

சுந்தரவல்லிக்கு முதலில் புரியவில்லை. பச்சையம்மாவே சொன்னாள். அவளும் தொகுப்பூதியம்தான், பதினாலாயிரம் சொச்சம். ஆனால் பட்டியலில் இருந்தாள். பட்டியலில் இருபது வருடம் இருந்தால் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சிறியதாக ஓர் ஓய்வூதியம் உண்டு. அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது.

"இன்னும் ரெண்டு வருசம் மேடம். இப்ப பேரு அடிச்சிட்டா மொதல்லேர்ந்தா எண்ணுவாங்கோ?"

"எண்ணவே மாட்டாங்க," என்றாள் சுந்தரவல்லி. அவளுக்கு விதி தெரியும்.

பச்சையம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். சுந்தரவல்லி அவளைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே நின்றாள். தன் கையெழுத்தில், தப்பில்லாமல், அழகாக எழுதிய அந்த வரி திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஷகீலாவின் அறையில் விஷயம் சுருக்கமாகத் தெரிந்தது. "நிதிப் பிரிவுல உங்க லெட்டரப் பாத்திருக்காங்க மேடம். இதே காரணம் இவங்களுக்கும் பொருந்துமேன்னு எம்.டி.க்கு நோட் போட்டுட்டாங்க. இந்த நாலு பேரும் போயிட்டா சராசரி பன்னண்டு சதவீதம் ஏறுது. உங்க எல்லாருக்கும் பன்னண்டு. யாருக்கும் நஷ்டமில்ல."

"பச்சையம்மாவுக்கு?"

"பட்டியல்ல இருக்கறவங்க யாருக்கும் நஷ்டமில்லன்னு சொல்ல வந்தேன்," என்றாள் ஷகீலா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இது பிடிக்கல மேடம். ஆனா உத்தரவுல 'ஓய்வூதியர் நலன் கருதி'ன்னு இருக்கு. ஓய்வூதியர்களே வேண்டாம்னு சொன்னாத்தான் நான் மறுபடி கோப்பை மேல அனுப்ப முடியும். பன்னண்டு சதவீதத்த யாரு மேடம் வேண்டாம்பாங்க?"

சங்கத்தின் அவசரக் கூட்டம் அந்த வாரமே நடந்தது. பன்னிரண்டு சதவீதம் என்ற செய்தி எப்படியோ முன்பே பரவியிருந்ததால் வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். யாரோ எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்திருந்தார். சுந்தரவல்லி எழுந்து நடந்ததைச் சொன்னாள். அந்த நால்வரையும் பட்டியலில் திரும்பச் சேர்க்கும்படி சங்கம் எழுதித் தர வேண்டும் என்றாள்.

"சேத்தா எவ்வளவு வரும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அஞ்சு."

சமோசா சாப்பிடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"நாம அவங்களப் பட்டியல்லேர்ந்து எடுக்கச் சொல்லலையே," என்றார் இன்னொருவர்.

"நான் சொன்னேன்," என்றாள் சுந்தரவல்லி. "எங்களை எடுக்கச் சொன்னேன். நம்ம பேரச் சொல்லித்தான் அவங்களையும் எடுத்திருக்காங்க."

மாசிலாமணி எழுந்தார். சுந்தரவல்லி அவரைத்தான் எதிர்பார்த்துப் பயந்திருந்தாள்.

"தலைவரே, அஞ்சுக்கும் பன்னண்டுக்கும் என்கு எவ்ளோ வித்தியாசம்?"

பஞ்சாட்சரம் மனக்கணக்காகவே சொன்னார். "எழுநூத்தி எழுபது ரூபா."

"மாசத்துக்கா?"

"மாசத்துக்கு."

"சுகர் மாத்திர வந்துரும்," என்றார் மாசிலாமணி. நின்றபடியே யோசித்தார். "பச்சையம்மாவோட அப்பாரு எங்க சித்தப்பனோட கட்டுமரத்துல போனவரு. அது வேற விசயம். நான் இன்னா கேக்கறன்னா, கம்மியா வாங்கறவன வெளிய தள்ளினா சராசரி ஏறுதில்ல? அதுக்கு பதுலா அவனுக்கே ஏத்திக் குட்த்தா ஏறாதா? எவனும் அத ஏன் கேக்க மாட்றீங்கோ?"

அவர் குத்தலாகத்தான் சொன்னார். உட்கார்ந்தும்விட்டார். ஆனால் பஞ்சாட்சரம் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். இரண்டு ரயில்கள் போயின.

"ஏறும்," என்றார் நிமிர்ந்து. "அதே பன்னண்டு சதவீதம் வரணும்னா அந்த நாலு பேருக்கும் ஆளுக்கு அறுபத்தி ஏழாயிரத்து இருநூறு ரூபா சம்பளம் குடுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அதை ஒரு தொகையாகவே யோசித்துப் பார்த்தார்கள்.

"அவ்ளோ குடுக்க மாட்டாங்கோ," என்றார் மாசிலாமணி. "இருபத்தஞ்சு கேளுங்கோ."

கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். நால்வரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும், தலா இருபத்தைந்தாயிரம் தர வேண்டும் என்ற தீர்மானம் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் நான்கு பேர் சுந்தரவல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டவர்கள். மைசூர்பாகு வீட்டுக்காரர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் சமோசாத் தட்டை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

நிர்வாகத்தின் பதில் இரண்டே நாளில் வந்தது. ஓய்வூதியர்களின் நலன் கருதி எடுக்கப்பட்ட முடிவை ஓய்வூதியர்களின் எதிர்ப்பை முன்னிட்டு மாற்ற இயலாது என்று அதில் இருந்தது.

"அப்ப உக்காந்துர வேண்டியதுதான்," என்றார் பஞ்சாட்சரம்.

ஜனவரி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சங்கத்தார் தலைமை அலுவலகத்து வாசலில் உட்கார்ந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சிலர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். இடுப்பு வலிக்காரர்கள் தலையணை. 'துப்புரவுப் பணியாளருக்குச் சம்பள உயர்வு கொடு' என்று எழுதிய அட்டைகளைப் பிடித்திருந்தார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்திப் படித்துப் பார்த்தார்.

"நீங்கல்லாம் துப்புரவுப் பணியாளரா சார்?"

"இல்ல. நாங்க ரிட்டயர்டு," என்றார் பஞ்சாட்சரம்.

"அவங்க எங்க?"

"உள்ள பெருக்கிட்டிருக்காங்க."

போலீஸ்காரர் வழியை மறைக்காமல் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்.

சுந்தரவல்லி அவர்களோடு உட்கார நினைத்து அரை நாள் விடுப்பு எழுதி எடுத்துப் போயிருந்தாள். ஷகீலா அதை வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டில் நிற்கிறவர், பெயரை எடுத்த கோபத்தில் இரண்டு நாளாக வரவில்லை. ஏஜென்சியில் ஆள் கேட்டதற்கு, உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே எங்கள் காவலர்கள் பதினைந்து பேர் இருக்கிறார்களே என்றார்களாம்.

"எம்.டி. யாரையாவது நிறுத்தச் சொல்றாரு மேடம். அட்டையில முதல் நம்பர் உங்களது. யாரையும் உள்ள விடாம பாத்துக்கிட்டா போதும்."

எனவே சுந்தரவல்லி கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு உள்பக்கமாக நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவளோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"டூட்டியா மேடம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"ஆமா."

"உள்ள உடுவீங்களா?"

"விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பாத்ரூம் போவணும். சுகர்."

அவள் கேட்டைத் திறந்தாள். அவர் போனார். சற்று நேரத்தில் இன்னொருவர் கேட்டார். எழுபது வயதுக்காரர்களிடம் பாத்ரூமுக்குப் போக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். உள்ளே போனவர்கள் திரும்பி வரவில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷகீலா இறங்கி வந்தாள்.

"மேடம், மேல இருபது பேர் இருக்காங்க."

"பாத்ரூம் போனாங்க."

"எம்.டி. ரூம் வாசல்ல தரையில உக்காந்திருக்காங்க. மாசிலாமணி சட்டையைக் கழட்டி மடிச்சுத் தலைக்கு வெச்சுப் படுத்துட்டாரு."

சுந்தரவல்லி கேட்டைப் பார்த்தாள். வெளியே மிச்சமிருந்த பஞ்சாட்சரமும் சிலரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஆறு மாதம் அவளுக்கு நன்றாக இருந்தது. ஜன்னலோர மேசையும், டீயும், கூப்பிடுகிற குரல்களும். போனால் திரும்பக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அதற்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள். ஷகீலா அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றாள். பிறகு சுந்தரவல்லி கேட்டை முழுவதுமாகத் திறந்து கொக்கியில் மாட்டினாள். அட்டையைக் கழற்றி ஷகீலாவிடம் கொடுத்தாள்.

"எனக்கு இந்த வேலை சரியா வரல, ஷகீலா."

"தெரியுது மேடம்," என்றாள் ஷகீலா. அட்டையை வாங்கி நாடாவைச் சுற்றிப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தாள். பஞ்சாட்சரம் எழுந்திருக்கச் சிரமப்பட்டபோது அவருடைய நாற்காலியை மடக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

மாடியில் எம்.டி. அறை வாசலில் சுந்தரவல்லி மாசிலாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சையம்மா அந்த வழியாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "கால கொஞ்சம் தூக்குங்கோ," என்றாள். எல்லோரும் தூக்கினார்கள். அவள் துடைத்துவிட்டுப் போனாள்.

எம்.டி. நான்கு மணிக்கு வெளியே வந்தார். அவர் அந்தக் கழகத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் வேறு துறைக்குப் போகப்போகிறார் என்று பேச்சு. தரையில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு ஷகீலாவைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் கோப்பு திரும்பி வந்தது. நால்வரும் பட்டியலில் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். இருபத்தைந்தாயிரம் நிதிநிலை அனுமதிக்காது, பதினேழாயிரம் தரலாம் என்றிருந்தது. மாசிலாமணி சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார்.

ஏஜென்சியிலிருந்து சுந்தரவல்லிக்கு ஒரு கடிதம் வந்தது. காவல் பணியின்போது வெளியாட்களை உள்ளே அனுமதித்த காரணத்தால் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்றிருந்தது. நடந்தது அதுதான் என்பதால் அவள் மறுத்து எழுதவில்லை. மற்ற பத்துப் பேரும் காவலர்களாகவே தொடர்ந்து கோப்பு தேடுகிறார்கள். கேட்டில் நிற்கிறவர் திரும்ப வந்துவிட்டார்.

ஏப்ரலில் ஓய்வூதியம் ஐந்து புள்ளி மூன்று சதவீதம் ஏறியது. அந்தப் புள்ளி மூன்று, நால்வருக்கு ஏற்றிக் கொடுத்ததால் வந்தது என்று பஞ்சாட்சரம் சுற்றறிக்கையில் தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தார். மாசிலாமணி ஃபோன் செய்தார்.

"ஐநூத்தி எம்பத்தி மூணு ரூபா வந்துகீது மேடம்."

"உங்களுக்கு ஆயிரத்து முன்னூறு வந்திருக்கும்."

"வந்திருக்கும். அத்த வுடுங்கோ. ஜூன் மாசம் கூட்டம் கீது, வந்துருங்கோ. பட்டறைல கூட நாலு பசங்க கம்மியா வாங்கறானுங்கோ. அவனுங்களுக்கு இன்னா கேக்கலாம்னு தலைவரு கணக்கு போட்டுகினு கீறாரு."

வருவதாகச் சொன்னாள்.

மே மாதத்தில் ஒரு நாள் சுந்தரவல்லி தி. நகர் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது பச்சையம்மா எதிரில் வந்தாள். அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். அந்தப் படிக்கட்டுக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசியதில்லை.

"பட்டியல்ல பேரு வந்துடுச்சில்ல?" என்று கேட்டாள் சுந்தரவல்லி.

"வந்துச்சி."

"பதினேழு குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்கோ." பச்சையம்மா பையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "நீங்க எழுதாம இருந்திருந்தா என் பேரு போயிருக்காது. பேரு போகாம இருந்திருந்தா பதினேழும் வந்திருக்காது. இதுல உங்கள இன்னா சொல்றதுன்னு என்கு தெர்ல மேடம்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சரி," என்றாள் பச்சையம்மா. அவள் பஸ் வந்து நின்றது. கூட்டமாக இருந்தது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பி, "உங்க மேச காலியாதான் கீது. தெனமும் தொடச்சி வெக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஏறினாள். பஸ் உஸ்மான் சாலைப் பக்கம் திரும்பும்வரை சுந்தரவல்லி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்க வந்த காய்கறியை வாங்கப் போனாள்.